பத்தாயம் இருந்த வீடு

அட்மா திட்டத்தில் நம் விவசாயிகள் கண்டுணர் சுற்றுலா போகிறார்கள். ஆராய்ச்சி நிலையம், சொட்டுநீர் போட்ட முன்னோடி விவசாயியின் தோட்டம், நன்றாக நடக்கும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று போகிற இடங்கள் ஏறக்குறைய முடிவானவை. இந்தப் பட்டியலில் ஒரு பழைய பண்ணை வீட்டையும் சேர்க்கலாமே என்று வட்டார அலுவலகத்தில் சொன்னால், அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற இடம் அல்லவா என்ற பதில்தான் வரும். பிள்ளைகள் போகட்டும், நல்லதுதான். ஆனால் அந்த வீட்டைப் பார்த்தவுடன் அதன் கணக்கு புரிகிறவர்கள் உழவர்கள். அவர்களைத்தான் நாம் அங்கே கூட்டிப்போவதில்லை.

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. டெபோரா தியாகராஜன் 1984-ல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பு, ஊர்களில் இடிக்கப்பட இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கியது. தூண், உத்தரம், கதவு, ஓடு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, பழைய வேலை தெரிந்த தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்து இங்கே மறுபடி எழுப்பியது. 1996 டிசம்பரில் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். சுமார் 10 ஏக்கர் இடம். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகம், ஆந்திரா நான்கின் வீடுகளும் உள்ளன. செட்டிநாட்டு வணிகர் வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு என்று பலவும் இருந்தாலும், நம் வாசகர்கள் முதலில் நடக்க வேண்டியது தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த விவசாயி வீட்டுக்கு. சுற்றுலாப் பயணிகள் அதன் திண்ணையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிடுவார்கள். உழவர் ஒருவருக்கு அங்கே ஒரு மணி நேரம் போதாது.

ஏன் என்றால், டெல்டாவின் பழைய வீடு வசிப்பதற்காக மட்டும் கட்டப்பட்டதல்ல. அது அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பத்துக்கான ஒரு கட்டடம். திண்ணை என்பது வழிப்போக்கருக்கு மட்டும் ஆனதா? ஆள் கூப்பிடுவதும், கூலி அளப்பதும், வியாபாரி வந்து பேரம் பேசுவதும் அங்கேதான். உள்ளே போனால் முற்றம். வெயில் வேண்டிய அளவுக்கு வரும், மழைநீர் நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் இறங்கி வழியும். வற்றலும் வடகமும் விதைப் பயறும் காய்கிற இடம் அது. திடீரென்று தூறல் வந்தால் இரண்டே எட்டில் தாழ்வாரத்துக்குள் வாரி எடுத்துவிடலாம். கொல்லைப் பக்கம் மாட்டுக் கொட்டகை, அதை ஒட்டி எருக்குழி, சாம்பல் கொட்டும் இடம், வைக்கோல் போர். வீட்டிலிருந்து வெளியேறும் எதுவும் வயலுக்குப் போகிறபடிதான் அந்த மனையின் நீளமே அமைந்திருக்கும். இன்றைக்கு ஒருங்கிணைந்த பண்ணையம் என்று பயிற்சி நடத்துகிறோமே, அதன் வரைபடம் ஒரு பழைய மனையின் அகல நீளத்தில் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட நின்று பார்க்க வேண்டியது நெல்லுக்கு ஒதுக்கிய இடத்தை. டெல்டா வீடுகளில் பத்தாயம் என்பது கனத்த மரப்பலகையால் அடுக்கடுக்காகச் செய்த பெரும் பெட்டி. அடுக்குகளைத் தனித்தனியாகக் கழற்றலாம். மேலே கொட்டுவார்கள், அடியில் உள்ள சிறு கதவைத் திறந்து எடுப்பார்கள். மரத்துக்கு வசதி இல்லாதவர்கள் குதிர் வைத்திருந்தார்கள். களிமண்ணில் உறை உறையாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இணைப்பைச் சாணமும் மண்ணும் சேர்த்துப் பூசி, தரையின் ஈரம் ஏறாமல் மேடை மீது நிறுத்துவது. மேற்கே தொம்பை, தெற்கே குலுக்கை என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். எதுவாக இருந்தாலும் பழைய நெல் முதலில் வெளியே வருகிற ஏற்பாடு. இன்றைய கிடங்கு மேலாளர்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தரும் முதல் விதியும் இதுதான். உள்ளே வேப்பிலை, நொச்சி இலை போடுவது, துவரை விதைக்குச் செம்மண் கட்டுவது, திருநெல்வேலிப் பக்கம் விதை நெல்லை வைக்கோல் புரியால் இறுகச் சுற்றிக் கோட்டை கட்டுவது எல்லாம் பூச்சியையும் ஈரத்தையும் தடுக்கும் வழிகளே. நன்றாகக் காயவைக்காத நெல்லைப் பத்தாயத்தில் கொட்டினால் சூடேறிக் கெட்டுப்போகும் என்பது ஈரப்பதமானி வருவதற்கு முன்பே தெரியும். பல்லில் கடித்துப் பார்ப்பார்கள், 'டக்' என்று உடைந்தால் போதும்.

அதே முட்டுக்காட்டில் கேரளப் பகுதிக்குப் போனால் கோட்டயம் மாவட்டம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தின் வீடு நிற்கிறது. 'அறையும் நிரையும்' என்று மலையாளத்தில் சொல்லும் வகை. அறை என்றால் நெல் அறை, நிரை என்றால் மரப்பலகைச் சுவர். நெல் வைக்கும் அறைதான் அந்த வகை வீட்டுக்கு நடுநாயகம். மற்ற அறைகள் அதைச் சுற்றி வந்தவை.

இப்போது நம் வீட்டுக்குத் திரும்புவோம். கடந்த 40 ஆண்டுகளில் கிராமத்தில் கட்டிய எந்தக் கான்கிரீட் வீட்டிலாவது நெல்லுக்கு என்று ஓர் இடம் இருக்கிறதா? காருக்கு இடம் விடுகிறோம், டிராக்டருக்குக் கொட்டகை போடுகிறோம். அறுவடை இயந்திரம் ஒரு நாளில் பத்து ஏக்கர் அறுத்துக் கொட்டுகிற நெல்லை வைக்க மட்டும் இடம் இல்லை. வயலிலிருந்து நேரே கொள்முதல் நிலையம். அங்கே இடமில்லாவிட்டால் சாலையோரம். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாய்க்கு அலைவதும், முளைத்த நெல்லைக் கையில் அள்ளிக் காட்டுவதும், 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கோரி மனு கொடுப்பதும் டெல்டாவில் வாடிக்கையாகிவிட்டது. கொள்முதல் நிலையங்களின் குறைகளை இந்தப் பக்கத்தில் எழுதாமல் விடப்போவதில்லை. ஆனால் நெல்லைப் பதினைந்து நாள் கையில் வைத்திருக்க முடியாத விவசாயிக்கு எந்த அரசு வந்தாலும் பேரம் பேசும் பலம் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பதினைந்து நாளைக் கொடுத்தது பத்தாயம்.

கொடுத்தது, சரி. யாருக்குக் கொடுத்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பழைய பண்ணை வீட்டைச் சுற்றி வருவது பாதிப் பார்வைதான். தஞ்சையில் பெரிய பத்தாயம் இருந்தது மிராசுதார் வீட்டில். குத்தகைதாரர் களத்து மேட்டிலேயே வாரத்தை அளந்து கொடுத்துவிட்டு, மிஞ்சியதில் கடனையும் அடைத்துவிட்டு, குதிரின் அடிப்பாகம் நிறைந்தாலே பெரிது என்று வீடு திரும்பியவர். பண்ணையாளுக்கு அதுவும் இல்லை. அன்றாடம் அளந்து போடும் நெல் அன்றன்றைக்கே உலைக்குப் போய்விடும். அருங்காட்சியகங்களில் பித்தளைப் பட்டம் போட்ட மரக்காலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்று சில வீடுகளில் இரண்டு இருந்ததை எந்த அட்டையிலும் பார்த்ததில்லை. கீழத்தஞ்சையில் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அதைத்தான் முதலில் சொல்வார்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சைக்கென்று 1952-ல் வந்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்தத் தகராறின் அடியில் கிடந்தது கூலி நெல்லின் அளவு. ஓட்டு வீடுகள் நூறாண்டு நிற்கும், அருங்காட்சியகத்துக்கும் வந்து சேரும். கீற்றுக் குடிசை இரண்டு மழைக்கு மேல் நிற்காது. எனவே காலத்துக்குத் தப்பி நம் கண்ணுக்குக் கிடைப்பதெல்லாம் வசதியானவர்களின் விவசாயமே.

முட்டுக்காட்டில் இதற்கு ஒரு சிறிய விலக்கு உண்டு. ஆந்திரக் கடலோரத்து வட்ட மண் வீடு ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் சுட்டில்லு. வட்டமான மண்சுவர், தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்த கூரை. மூலை இல்லாததால் புயல்காற்று பிடித்துத் தள்ள இடம் கிடையாது. ஏழைகளின் வீட்டிலும் பொறியியல் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கஜா புயலில் கூரையைத் தூக்கிக் கொடுத்த வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் இதன் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நிற்பார்கள் என்று நினைக்கிறோம்.

வெளிநாட்டிலும் இந்தக் குறையை உணர்ந்திருக்கிறார்கள். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் 1891-ல் திறந்த ஸ்கான்சென், பழைய விவசாய வீடுகளைப் பெயர்த்து வந்து திறந்தவெளியில் நிறுத்தும் அருங்காட்சியகங்களுக்கு முன்மாதிரி. முதலில் அங்கேயும் பண்ணை வீடுகள்தான் வந்தன. பிற்பாடு, பெரும்பண்ணைகளில் ஆண்டு ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு வேலை செய்து, கூலியின் பெரும் பங்கைத் தானியமாகவும் பாலாகவும் வாங்கிய கூலியாட்களின் வரிசை வீடு ஒன்றையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஸ்வீடனில் அந்த முறை ஒழிந்தது 1945-ல். நம் பண்ணையாள் கதையோடு சேர்த்துப் படித்தால் தூரம் அதிகம் இல்லை.

பழையதை எல்லாம் பொற்காலம் என்று சொல்வது நம் நோக்கமல்ல. கமலை இறைத்தவர்களைக் கேளுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு மாட்டைப் பூட்டி, சரிவில் முன்னும் பின்னுமாக நடந்து, வடத்தின்மேல் உட்கார்ந்து எழுந்து, வெயில் ஏறும்வரை இறைத்தாலும் அரை ஏக்கர் பாய்ந்தால் அதிகம். மின்மோட்டார் வந்தபோது கமலைச் சாலை ஓரமாகத் தூக்கிப் போட்டவர்கள் அதற்காக ஒரு நாளும் வருந்தியிருக்க மாட்டார்கள். உரல் உலக்கையின் அழகைப் பேசுகிறவர்கள் அநேகமாக ஆண்கள். தினமும் நெல் குத்திய பெண்களின் தோள்பட்டைக்கு அரைவை மில்தான் விடுதலை கொடுத்தது. இந்தக் கருவிகளை நாம் பாதுகாக்கச் சொல்வது மறுபடி பயன்படுத்துவதற்காக அல்ல. எந்தச் சிக்கலுக்கு எந்த விடையைக் கண்டுபிடித்தார்கள், அந்த விடைக்கு யார் உடம்பால் விலை கொடுத்தார்கள் என்பது தெரிவதற்காக. கலப்பையே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வேறு. சேற்று உழவுக்கு இலேசான கலப்பை, கரிசலுக்குக் கனத்தது. கொழுவின் நீளமும் ஏர்க்காலின் சாய்வும் மண்ணையும் மாட்டின் உயரத்தையும் பார்த்து வைத்தவை. டெல்டாவின் சேற்றுக்கென்றே உருவான உம்பளாச்சேரி மாடும் காங்கேயம் மாடும் ஒரே நுகத்தடிக்கு ஒத்துவராது. சுவரில் மாட்டிய கலப்பையைப் பார்க்கும்போது இதையெல்லாம் சொல்ல ஆள் வேண்டும். பலகையில் 'மரக் கலப்பை' என்று எழுதி வைத்தால் அது தெரிந்த சேதிதானே.

ஊர்களில் என்ன நடக்கிறது? பழைய வீட்டைப் பாகம் பிரிக்கும்போது முதலில் விலைபோவது பத்தாயம். நல்ல தேக்கு அல்லது பலாப் பலகை என்றால் தரகர் அன்றைக்கே வண்டி அனுப்பிவிடுவார். தூணும் கதவு நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகள் வழியாக எங்கெங்கோ போகின்றன. கொழு, பரம்புச் சட்டத்தின் இரும்பு, வண்டிப் பட்டா எல்லாம் பழைய இரும்புக் கடையில் எடைக்கு. வண்டிச் சக்கரம் மட்டும் நெடுஞ்சாலை உணவகத்தின் வாசலில் வர்ணம் பூசிக்கொண்டு நிற்கிறது. உள்ளே தோசை விலையில் அதற்கும் சேர்த்து வாங்குகிறார்கள். விற்பவரைக் குறை சொல்ல முடியாது. ஒழுகும் வீட்டை வைத்துக்கொண்டு பராமரிப்பது லேசான செலவல்ல. நாட்டு ஓடு மாற்ற ஆளும் கிடைப்பதில்லை. எல்லா வீட்டையும் முட்டுக்காட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

ஆனால் ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஓர் அறை முடியும். மூடிக்கிடக்கும் அரைவை மில், பயன்படாத பழைய பள்ளிக் கட்டடம், கூட்டுறவுச் சங்கத்தின் காலிக் கிடங்கு இவற்றில் ஒன்றை ஊராட்சி தீர்மானம் போட்டு ஒதுக்கினால் போதும். பொருளை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. கொடுத்தவர் பெயரை எழுதி, அவர் எப்போது கேட்டாலும் திருப்பித் தருவதாக ஒரு கடிதம் கொடுத்தால், பரணிலிருந்து இறக்கித் தருகிறவர்கள் நிறைய இருப்பார்கள். கரையான் வராமல் மேடை, எலி வராமல் வலை, மழை ஒழுகாத கூரை. இதற்கு மேல் செலவு இல்லை.

ஒரு எச்சரிக்கை, விதைகளைப் பற்றி. இப்படிப்பட்ட அறைகளில் கண்ணாடிப் பாட்டிலில் ஐம்பது வகை நெல்லை அடைத்து வரிசையாக வைப்பது வழக்கமாகி வருகிறது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நம் வெக்கையில் சாதாரண அறையில் வைத்த நெல் விதை ஓரிரண்டு ஆண்டில் முளைப்புத்திறனை இழந்துவிடும். பிறகு பாட்டிலில் இருப்பது விதையல்ல, தானியம். 2018-ல் மறைந்த நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டார் என்றால், அதற்குக் காரணம் அவர் அவற்றை ஆண்டுதோறும் வயலில் விதைத்ததும், திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் மற்ற விவசாயிகள் கையில் கொடுத்ததும்தான். எனவே அறையில் ரகத்தின் பெயர், கதிர், வைக்கோலின் உயரம் ஆகியவற்றைக் காட்டுங்கள். விதையை அரை குழி நிலத்திலாவது விதைத்துப் புதுப்பியுங்கள். வைக்கோலின் உயரத்தை ஏன் சொல்கிறோம் என்றால், 1966-ல் ஐ.ஆர்.8 வந்த பிறகு தாள் குட்டையாகி, மாட்டுத் தீனியும் கூரை வேயும் தாளும் சேர்ந்தே குறைந்தன. அதைக் கதிரும் தாளுமாகப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் விளக்கவுரை தேவைப்படாது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். பதிவேடுகளும் செயலிகளும் அவர்களுடைய நாளைத் தின்றுவிடுகின்றன. இருந்தும் ஊருக்குள் தினமும் போகிற அரசுப் பணியாளர்களில் விவசாயியின் பேச்சு புரிகிறவர் உதவி வேளாண்மை அலுவலர்தான். ஒரு கருவியைப் படம் எடுத்தால் கூடவே ஆறு கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்யலாம். இந்த ஊரில் இதற்கு என்ன பெயர், யார் செய்தார், எந்த மரம், எந்த வேலைக்கு, எந்த ஆண்டு வாக்கில் விட்டீர்கள், ஏன். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கே பயன்படும். விவசாயி ஒன்றைக் கைவிட்ட காரணம் தெரிந்தால்தான், அடுத்து நாம் கொடுக்கும் ஒன்றை ஏன் கைவிடப் போகிறார் என்பதும் தெரியும். கேட்கும்போது நிலம் வைத்திருந்தவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது. நடவு நட்ட அம்மாவிடமும், மடை திறந்துவிட்ட நீர்க்கட்டியிடமும் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் பெயர்கள் வேறாக இருக்கும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு இன்னும் ஒரு வேலை. ஊருக்கு ஒரு பொதுப் பத்தாயம் இன்றைய வடிவில் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கண்டுணர் சுற்றுலா முடிந்து திரும்பும் பேருந்திலேயே பேசலாம். உலர்களமும் உலர்த்தியும் சேர்ந்த சிறு கிடங்கு, அதில் வைத்த நெல்லுக்கு ரசீது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பொருளீட்டுக் கடன் ஏற்கெனவே உண்டு. விளைபொருளை அங்கே வைத்துவிட்டு அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் கடனாக வாங்கி, விலை வந்தபின் விற்கும் வசதி. மிராசுதாருக்குப் பத்தாயம் கொடுத்த அவகாசத்தை இரண்டு ஏக்கர்காரருக்கும் கொடுக்கக்கூடியது அதுதான். குத்தகைக்குப் பயிர் செய்பவருக்கும் அது கிடைக்கிறதா என்பதை ஒவ்வொரு விற்பனைக்கூடத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முட்டுக்காட்டுக்குப் போக நினைப்பவர்கள் செவ்வாய்க்கிழமையைத் தவிர்க்கவும்; அன்று விடுமுறை. குழுவில் 70 வயதைத் தாண்டிய இரண்டு பேராவது இருக்கட்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வழிகாட்டி சொல்வதைக் கேட்டபின் அவர்களைப் பேசவிடுங்கள். யாராவது கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஊர் திரும்பிய மறுநாள் முதலில் போக வேண்டியது ஏர் செய்த தச்சர் வீட்டுக்கு. பல ஊர்களில் அப்படி ஒருவர்தான் மிச்சம். அவருடைய பட்டறையில் கலப்பைக்கு என்று ஒதுக்கிய கருவேலங்கட்டை ஒன்று இன்னும் சாத்தி வைத்திருக்கக்கூடும்.